நேதாஜியும் இம்பால் போரும்: நம் வீட்டுக் கதைகளில் எது உண்மை?

பந்திங் தாண்டி மோரிப் கடற்கரைக்குப் போயிருக்கீங்களா? வார இறுதியில் குடும்பத்தோட போய், காற்று வாங்கி, ஈக்கான் பாக்கார் சாப்பிட்டுத் திரும்பும் இடம். அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் படைகள் அந்தக் கரையில் இறங்கியதை அது நினைவுபடுத்துகிறது. அன்று அங்கே இறங்கியது எந்தப் படை தெரியுமா? பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 25ஆவது இந்திய டிவிஷன்.

அதே நேரத்தில், மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இன்னொரு இந்திய ராணுவத்தில் பயிற்சி பெற்ற தமிழ் இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுடைய தலைவர் சுபாஷ் சந்திர போஸ், மூன்று வாரங்களுக்கு முன்புதான் விமான விபத்தில் இறந்ததாகச் செய்தி வந்திருந்தது.

நேதாஜி படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் வீட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. படத்தோடு ஒரு கதையும் வரும்: நம்ம படை டில்லியை நோக்கிப் போனது, இம்பாலில் ஜெயிக்கிற நேரத்தில் மழை கெடுத்தது, நேதாஜி சாகவே இல்லை. இணையத்தில் தேடினால் நேர்மாறான கதையும் கிடைக்கும்: அவர் ஜப்பான்காரனின் கைப்பாவை, படை வெறும் வேஷம்.

இரண்டு கதையும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நியாயம் செய்வதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

கட்டாக்கிலிருந்து சிங்கப்பூர் வரை

சுபாஷ் சந்திர போஸ் 1897 ஜனவரி 23ஆம் தேதி ஒடிசாவின் கட்டாக்கில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், வசதியான வங்காளிக் குடும்பம். இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவது இடம் பிடித்தார். அந்தக் காலத்தில் ஓர் இந்தியருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய அரசு வேலை அது. 1921இல் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பி, காங்கிரஸில் சேர்ந்தார்.

1938இலும் 1939இலும் காங்கிரஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாவது முறை, காந்தி ஆதரித்த வேட்பாளரைத் தோற்கடித்து வந்தார். ஆனால் கட்சிக்குள் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. பதவி விலகி, ஃபார்வர்ட் பிளாக் தொடங்கினார். உலகப் போர் வந்தபோது அவருடைய கணக்கு எளிமையானது: பிரிட்டனின் எதிரி யாரோ, அவனிடம் உதவி கேட்கலாம்.

1941 ஜனவரியில், கல்கத்தாவில் வீட்டுக் காவலில் இருந்தவர் நள்ளிரவில் மாறுவேடத்தில் தப்பினார். பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்தார். ஹிட்லரின் ஜெர்மனியில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தும் எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பினார். நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, மே மாதம் சுமத்ராவுக்கு வடக்கே சபாங் தீவில் இறங்கினார். ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்தார்.

இதுவரை எல்லாம் சினிமா மாதிரிதான் இருக்கு. கட்டுக்கதைகள் தொடங்கும் இடம் இதற்குப் பிறகு.

ஐ.என்.ஏ.வைத் தொடங்கியது நேதாஜியா?

இல்லை. அதன் தொடக்கம் நம்ம கெடா மாநிலத்தில். 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை சிதறியபோது, கேப்டன் மோகன் சிங் என்ற பஞ்சாபி அதிகாரி ஜப்பானியரிடம் சரணடைந்தார். ஜப்பானிய உளவு அதிகாரி ஃபுஜிவாராவுடன் அலோர் ஸ்டாரில் நடந்த பேச்சில்தான் இந்திய தேசிய ராணுவம் என்ற எண்ணம் உருவானது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகள் ஃபாரர் பார்க் திடலில் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் இந்தப் படையில் சேர்ந்தார்கள்.

அந்த முதல் ஐ.என்.ஏ. ஓராண்டு கூடத் தாங்கவில்லை. ஜப்பான் தங்களைச் சமமாக நடத்தவில்லை என்று மோகன் சிங் முரண்பட்டார். 1942 டிசம்பரில் கைதானார். போஸ் வந்தது செயலிழந்து கிடந்த ஒரு படைக்கு. அதற்கு உயிர் கொடுத்ததும், ராணுவத்துக்கு வெளியே இருந்த மக்களை உள்ளே கொண்டு வந்ததும் அவர். 1943 அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார்.

தோட்டத்து ஜனங்கள் ஏன் சேர்ந்தார்கள்?

தேசபக்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் அதன் முக்கியத் தலைவர். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். தொரையைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். கூலிக்காக மட்டும் நடந்த போராட்டம் இல்லை இது. நிமிர்ந்து நிற்பதற்காகவும் நடந்தது.

ஏழு மாதத்தில் ஜப்பான்காரன் வந்தான். ரப்பரை வாங்க ஆளில்லை. வேலை போனது, அரிசி போனது, மரவள்ளிக்கிழங்கு மிஞ்சியது. 1943இல் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை.

அந்த நேரத்தில்தான் போஸ் மலாயா முழுக்கக் கூட்டம் போட்டார். ஹிந்துஸ்தானியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார், தமிழில் மொழிபெயர்ப்பார்கள். யூனிஃபார்ம், சாப்பாடு, ரயில் பாதைக்குப் பிடித்துப் போக மாட்டார்கள் என்ற நம்பிக்கை, கூடவே இதுவரை தோட்டத்துக்காரனுக்கு யாரும் கொடுக்காத ஒரு மரியாதை. சிங்கப்பூர் செட்டியார் கோயிலுக்கு அழைத்தபோது, எல்லா சாதி, மதத்தைச் சேர்ந்த தன் ஆட்களையும் உள்ளே விடுவதானால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டு, அவர்களோடு போனார். சாதி பார்த்து வரிசை பிரித்த லயத்திலிருந்து வந்தவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

பசி, பயம், பக்தி, மானம் எல்லாம் கலந்துதான் அந்த முடிவு. அதை ஒத்துக்கொள்வதால் அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பணம் கொடுத்த கதையிலும் இரண்டு பக்கம் உண்டு. தாலியையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்த பெண்களின் கதை உண்மை. ஆனால் பணக்கார வணிகர்களிடம் சொத்துக் கணக்குப் பார்த்து, நெருக்கடி கொடுத்து வசூலித்ததும் உண்மை.

இம்பாலில் போரிட்டது யாருடைய படை?

இதுதான் பெரிய கட்டுக்கதை. நம்ம படை டில்லியை நோக்கிப் போனது, ஜப்பான் உதவிக்கு வந்தது என்று சொல்வார்கள். நடந்தது தலைகீழ்.

1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் தாக்குதல் ஜப்பானின் 15ஆவது ராணுவத்தின் திட்டம். தளபதி முதாகுச்சி. டில்லி அந்தத் திட்டத்தில் இல்லை. இம்பாலையும் கோஹிமாவையும் பிடித்து, பர்மாவுக்குள் பிரிட்டிஷார் திரும்பி வருவதைத் தடுப்பதே நோக்கம். இம்பாலிலிருந்து டில்லிக்குச் சாலை வழியே 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம்.

ஜப்பான் இறக்கியது சுமார் 85,000 வீரர்கள். ஐ.என்.ஏ.வின் முதல் டிவிஷனிலிருந்து போனவர்கள் சுமார் 6,000 பேர். அதாவது 14 ஜப்பானியருக்கு ஒரு ஐ.என்.ஏ. வீரர். ஜப்பானியத் தளபதிகள் இவர்களை வழிகாட்டவும் பிரச்சாரத்துக்கும் மட்டும் பயன்படுத்த நினைத்தார்கள். இந்திய மண்ணில் முதலில் சிந்துவது இந்திய ரத்தமாக இருக்க வேண்டும் என்று போஸ் விடாப்பிடியாக வாதாடித்தான் போர்முனையில் இடம் வாங்கினார். அப்படியும் சில பிரிவுகளுக்குச் சாலை செப்பனிடும் வேலைதான் கிடைத்தது.

இன்னொரு விஷயம், இது நம் வீட்டுக் கதைகளை நேரடியாகத் தொடுகிறது. அந்த முதல் டிவிஷனில் பெரும்பாலோர் முன்னாள் போர்க்கைதிகள், ஏற்கெனவே ராணுவப் பயிற்சி உள்ளவர்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்ந்த பொதுமக்கள் பெரும்பாலும் மூன்றாவது டிவிஷனில் இருந்தார்கள். அது கடைசிவரை மலாயாவிலேயே இருந்தது. உங்க கொள்ளுத் தாத்தா தோட்டத்திலிருந்து சேர்ந்தவர் என்றால், அவர் இம்பாலைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

அப்போ எல்லாமே பொய்யா? இல்லை. 1944 ஏப்ரல் 14ஆம் தேதி, இம்பாலுக்குத் தெற்கே மொய்ராங்கில் கர்னல் ஷௌகத் மாலிக் ஐ.என்.ஏ. கொடியை ஏற்றினார். பலேல் விமானத் தளத்தை காந்தி ரெஜிமென்ட் தாக்கியது. இந்திய மண்ணில் அவர்கள் கால் வைத்தது உண்மை, போரிட்டதும் உண்மை. மொய்ராங்கில் இன்று அதற்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

மழையா தோற்கடித்தது?

மழை கடைசி அடி. முதல் அடி திட்டத்திலேயே இருந்தது.

முதாகுச்சி தன் படைக்குக் கொடுத்த உணவு மூன்று வாரத்துக்கு. அதற்குள் இம்பாலின் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், சிந்த்வின் ஆற்றிலும் மலைப்பாதையிலும் பல மாடுகள் செத்தன. எதிரில் இருந்த ஜெனரல் ஸ்லிம், படையைப் பின்னுக்கு இழுத்து இம்பால் சமவெளியில் நிறுத்தினார். சாலை துண்டிக்கப்பட்டபோது விமானத்தில் உணவும் குண்டும் வந்து இறங்கின. ஜப்பானிடம் அந்த அளவு விமானம் இல்லை. மே மாதம் மழை பிடித்தபோது, பசித்த படையின் மேல்தான் பெய்தது.

போஸின் கணக்கும் தவறியது. ஐ.என்.ஏ.வைக் கண்டதும் எதிரில் உள்ள இந்திய வீரர்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வருவார்கள் என்று நம்பினார். அவர்கள் வரவில்லை. இம்பாலைக் காத்தவர்களில் பெரும்பகுதி இந்தியர்களும் கூர்க்காக்களும்தான்.

ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தது. ஜப்பானின் இழப்பு 50,000ஐத் தாண்டியது. ஐ.என்.ஏ. பற்றி, போஸின் வரலாற்றை எழுதிய பிரிட்டிஷ் உளவு அதிகாரி ஹியூ டோய் தரும் கணக்கு இது: போன 6,000 பேரில் போரில் இறந்தவர்கள் சுமார் 400. நோயிலும் பசியிலும் இறந்தவர்கள் சுமார் 1,500. பிடிபட்டவர்கள் 800, ஓடிப் போனவர்கள் 715. திரும்பி வந்தது 2,600 பேர், அவர்களில் 2,000 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

திரும்பப் படியுங்கள். குண்டைவிட மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பட்டினியும் கொன்றவர்கள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கொடியோடு முன்னேறும் ஓவியங்களில் இவர்கள் இருக்க மாட்டார்கள்.

இந்த உண்மை மலாயாவுக்கு ஏன் வரவில்லை? வெளிநாட்டு வானொலி கேட்பதற்கு ஜப்பானியர் தடை போட்டிருந்தார்கள். பத்திரிகை அவர்கள் கையில். போஸின் அமைப்பு வெளியிட்டதும் முன்னேற்றச் செய்திகளைத்தான். செய்தித் துறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியும்: ஒரே பக்கத்திலிருந்து மட்டும் செய்தி வந்தால், அது கொஞ்ச நாளில் செய்தியாக இருக்காது, நம்பிக்கையாக மாறிவிடும். தோட்டத்தில் கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் நமக்குச் சொன்னார்கள்.

ஜான்சி ராணிப் படை போர்முனையில் சண்டை போட்டதா?

டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த பெண்கள் படை இது. சேர்ந்தவர்களில் பலர் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். கோலாலம்பூர் ஜானகி தேவர் போன்ற வசதியான வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். துப்பாக்கிப் பயிற்சி எடுத்தார்கள், ஒரு பிரிவு பர்மாவுக்கும் போனது. ஆனால் இம்பால் போர்முனையில் அவர்கள் இறக்கப்படவில்லை. மேமியோவில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள்.

அவர்களுடைய கடுமையான நாள்கள் 1945 ஏப்ரலில் வந்தன. ரங்கூன் கைவிடப்பட்டபோது, பகலில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஒளிந்து, இரவில் சேற்றில் நடந்து பின்வாங்கினார்கள். போஸ் அவர்களைவிட்டு முன்னால் போக மறுத்து, கூடவே நடந்தார். போரிட்டதாகக் கதை கட்ட வேண்டிய அவசியமே இல்லை. பால்வெட்டும் கத்தி தவிர எதையும் பிடித்திராத பெண், 1943இல் துப்பாக்கி பிடித்து வரிசையில் நின்றாள் என்பதே போதுமான செய்தி.

அப்போ அவர் கைப்பாவையா?

இந்தக் கதையையும் அப்படியே நம்ப வேண்டாம். கைப்பாவை என்றால் சொன்னதைச் செய்ய வேண்டும். போஸ் ஜப்பானிய அதிகாரிகளோடு ஒவ்வொரு விஷயத்துக்கும் மல்லுக்கட்டினார். பர்மா விழும்போது தன் ஆட்களின் பாதுகாப்புக்காகச் சண்டை போட்டார்.

ஆனால் அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பது வேறு கேள்வி. அந்தமான் தீவுகளை அவருடைய அரசுக்குக் கொடுப்பதாக ஜப்பான் அறிவித்தது. உண்மையான ஆட்சி ஜப்பானியக் கடற்படையிடம்தான் இருந்தது. அங்கே இந்தியர்கள் சித்திரவதை செய்யப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். போஸால் அதைத் தடுக்க முடியவில்லை.

நமக்கு நெருக்கமான கேள்வி ஒன்று உண்டு. சயாம் ரயில் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17ஆம் தேதி இணைந்தன. நான்கு நாள் கழித்து சிங்கப்பூரில் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. ஒரே மாதம், ஒரே ஜப்பான், ஒரே தமிழ் ஜனங்கள். தம்பி ஐ.என்.ஏ. முகாமில், அண்ணன் சயாம் காட்டில் என்று இருந்த குடும்பங்களும் உண்டு. அந்தக் காட்டுக்குப் போனவர்களை போஸால் மீட்க முடியவில்லை. நாஜி ஜெர்மனியோடும் ராணுவ ஜப்பானோடும் கை கோத்ததற்கு அவர் கொடுத்த விலை இது. அவரை மதிக்கிறவர்களும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

அவர் 1945இல் இறந்தாரா?

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப் போகிறது என்ற தகவல் போஸுக்கு எட்டியபோது அவர் இருந்த இடம் சிரம்பான். உடனே சிங்கப்பூர் திரும்பினார். 16ஆம் தேதி கிளம்பி பாங்காக், சைகோன் வழியாகப் பறந்தார். 18ஆம் தேதி தைப்பேயில் விமானம் விழுந்தது. பலத்த தீக்காயத்தோடு அன்றிரவு ராணுவ மருத்துவமனையில் இறந்தார். கூடவே பயணம் செய்து உயிர் பிழைத்த ஹபிபுர் ரஹ்மான் இதை உறுதிப்படுத்தினார். அஸ்தி டோக்கியோவின் ரென்கோஜி கோயிலில் இருக்கிறது.

இந்தியா மூன்று முறை விசாரித்தது. 1956இல் ஷா நவாஸ் குழுவும், 1970களில் கோஸ்லா ஆணையமும் விபத்தை உறுதி செய்தன. முகர்ஜி ஆணையம் மட்டும் அவர் அந்த விபத்தில் இறக்கவில்லை என்றது. இந்திய அரசு அதை 2006இல் நிராகரித்தது. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் விபத்தைத்தான் ஏற்கிறார்கள். சாமியாராக வாழ்ந்தார் என்று வாட்சப்பில் வருவதை அனுப்பும் முன் கொஞ்சம் நிறுத்துங்க.

தோற்ற படை எதைச் சாதித்தது?

போர்க்களத்தில், எதையும் இல்லை. அதற்கு வெளியே, நிறைய.

1945 நவம்பரில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் டில்லி செங்கோட்டையில் பிரிட்டிஷார் விசாரணைக்கு நிறுத்தினார்கள். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். நாடே கொதித்தது. தீவாந்திர தண்டனை விதித்தும் அதை நிறைவேற்றாமல் விடுவிக்க வேண்டியதாயிற்று. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தார்கள். இந்திய வீரர்களை நம்பி இனி ஆள முடியாது என்று லண்டனுக்குப் புரிந்தது. இதனால் மட்டும்தான் சுதந்திரம் வந்தது என்று சொன்னால் அதுவும் இன்னொரு கட்டுக்கதை. காரணங்களில் ஒன்று என்பதே சரி.

இங்கே நம் நாட்டிலும் தொடர்ச்சி உண்டு. போஸ் அரசில் பணியாற்றிய ஜான் திவி 1946 ஆகஸ்டில் ம.இ.கா.வின் முதல் தலைவரானார். ஐ.என்.ஏ.வில் இருந்த எஸ்.ஏ. கணபதி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4ஆம் தேதி பிரிட்டிஷார் அவரைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கெடா தோட்டங்களில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1941இல் கிள்ளானில் கேட்டதையே, இந்த முறை வரிசையில் நிற்கப் பழகியவர்கள் கேட்டார்கள்.

இப்போ நீங்க என்ன செய்யலாம்?

அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களிடம் பேசும்போது, தாத்தா இம்பாலுக்குப் போனாரா என்று கேட்காதீங்க. எந்தத் தோட்டத்திலிருந்து சேர்ந்தார், எந்த முகாமில் இருந்தார், என்ன சாப்பிட்டார், வீட்டிலிருந்து யார் சயாமுக்குப் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று கேளுங்க. பதிலைப் போனில் பதிவு செய்து வையுங்க. நேரில் பார்த்தவர்கள் அநேகமாக இல்லை, அவர்களிடம் கேட்டவர்களாவது இன்னும் இருக்கிறார்கள்.

1945 செப்டம்பரில் சிங்கப்பூருக்குத் திரும்பிய பிரிட்டிஷார், போஸ் அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள். அது இருந்த இடத்தை 1995இல்தான் சிங்கப்பூர் அரசு அடையாளப்படுத்தியது. மோரிப்பில் இறங்கியவர்களுக்கு ஒரு சின்னம் இருக்கு. அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஐ.என்.ஏ. முகாமுக்கும் சயாம் காட்டுக்கும் போனவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது வீட்டில் சொல்லப்படும் கதைதான். அதனால்தான் அந்தக் கதை சரியாக இருக்கணும்.